கணித மேதை எம்மி நோதர்

எம்மி நோதர் 1882-இல் ஜெர்மனியில் பிறந்தார். அப்போ அங்கே பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டாங்க. பேராசிரியர்களிடம் அனுமதி கேட்டு, வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1907-இல் டாக்டர் பட்டமே வாங்கிட்டார். ஆனாலும் ஏழு வருஷம் சம்பளம் இல்லாத வேலைதான்!

1915-இல் கணித மேதை ஹில்பர்ட் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். பெண் பாடம் நடத்தக் கூடாதுன்னு சில பேராசிரியர்கள் தடுத்தாங்க. அதனால் கருத்தரங்கு அறிவிப்பில் ஹில்பர்ட் பெயரைப் போட்டு, எம்மியை உதவியாளர் என்று போட்டார்கள். நடத்தியது எம்மிதான். 1919-இல்தான் சொந்தப் பெயரில் நடத்த முடிந்தது.

1933-இல் யூதர் என்பதால் ஹிட்லர் அரசு வேலையை விட்டு நீக்கியது. எம்மி சோர்ந்து போகல. மாணவர்களை வீட்டுக்கு வரவழைத்துக் கணக்குப் பேசினார். பிறகு அமெரிக்கா போய் ஒரு பெண்கள் கல்லூரியில் கற்பித்தார். 1935-இல் இறந்தார்.

ஆற்றல் அழியாது என்று நாம படிக்கிறோம் இல்லையா? அது ஏன் என்று கணக்கில் காட்டுவது நோதர் தேற்றம். வெளிவந்த வருடம் 1918. அப்போ அறிவிப்பில் அவர் வெறும் உதவியாளர்!