காலராவின் நஞ்சைக் கண்டறிந்தவர்

வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் எளிய குடும்பமொன்றில் 1915-இல் பிறந்தவர் சம்புநாத் டே. கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1949-இல் தாயகம் திரும்பினார். காலரா வங்கத்து உயிர்களை வாரிக் கொண்டுபோன காலம் அது. அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் அதே கொல்கத்தாவில் 1884-லேயே பிரித்தெடுத்துவிட்டார். ஆயினும், குடற்சுவரைத் தாண்டி உள்ளே செல்லாத அக்கிருமி ஒரு மனிதரைச் சில மணி நேரத்தில் எவ்வாறு வற்றச் செய்கிறது என்பது விளங்காமலே இருந்தது.

பிறர் விலங்குகளின் இரத்தத்தில் விடை தேடிக்கொண்டிருக்க, டே குடலையே நோக்கினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிறைந்து உப்பியது. 1953-இல் வெளியான இச்சோதனைக்குத் தேவைப்பட்டவை முயலும் நூலும் ஊசியும்தாம்; பெருநிதி இல்லை. பின்னர், கிருமியை வடிகட்டி நீக்கிய வளர்ப்புநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. நோயை விளைவிப்பது கிருமி உமிழும் நஞ்சே என்று 1959-இல் 'நேச்சர்' இதழில் சிறு கட்டுரையாக எழுதினார்.

அந்நஞ்சின் வேலையைப் பின்வந்தோர் துலக்கினர். உயிரணுவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு கொழுப்பாலான ஈரடுக்கு. உப்பின் அயனிகள் அதனை நேராக ஊடுருவ இயலாது. புரதங்களாலான வாயில்களின் வழியே, தேவையறிந்தே போய்வரும். காலரா நஞ்சு சவ்வைக் கிழிப்பதில்லை. உயிரணுவுக்குள் புகுந்து, குளோரைடு வாயிலைத் திறக்கும் சமிக்ஞையை ஓயாமல் ஒலிக்கச் செய்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. கடும் நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். ஆனால், குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கும் வேறொரு வாயிலை நஞ்சு முடக்குவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் பலரைக் காத்தது அவ்வாயிலின் வழியேதான்.

டே தம் கல்லூரிப் பணியிலிருந்து 1973-இல் ஓய்வுபெற்றார். நொபெல் அறக்கட்டளை 1978-இல் காலரா கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. நொபெல் பரிசுக்கு ஜோஷுவா லெடர்பர்க் அவரை முன்மொழிந்தார். இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. இதனைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே. 1985 ஏப்ரலில் அவர் மறைந்தார். 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990-இல்.