ஏ. கே. ரைஸ்

ஆல்பர்ட் கென்னத் ரைஸ் (1908 - 1969) ஒரு பிரித்தானிய சமூக அறிவியலாளர் ஆவார். தொழிலிடங்களில் குழுக்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவ்வியக்கம் உற்பத்தியை எவ்வாறு பாதிக்கின்றது என்பன இவரது ஆய்வுக் களங்கள். 1953 இல் அகமதாபாத்தின் காலிக்கோ துணி ஆலையில் இவர் மேற்கொண்ட ஆய்வு "அகமதாபாத் சோதனை" என்று அறியப்படுகிறது. குழுவாகப் பணியாற்றுவது குறித்த தொடக்ககால ஆய்வுகளுள் இது முக்கியமானது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலண்டனில் தொடங்கப்பட்ட டாவிஸ்டாக் மனித உறவுகள் நிறுவனத்தில் ரைஸ் பணியாற்றினார். எரிக் டிரிஸ்ட், ஹில் ஆகியோருடன் இணைந்து, தொழிலாளர்கள் வேலையை விட்டு நீங்குவதை ஒரு சமூக நிகழ்வாக விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1950 இல் வெளியிட்டார்.

1951 இல் டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். புதிய இயந்திர முறை, சுரங்கத் தொழிலாளரின் பழைய சிறு குழுக்களைக் கலைத்துவிட்டதை அது எடுத்துக்காட்டியது. கருவியும் மனித உறவுகளும் சேர்ந்ததே ஒரு தொழிலமைப்பு என்னும் இக்கருத்து சமூகத் தொழில்நுட்ப அமைப்புக் கோட்பாடு எனப்படுகிறது. இக்கோட்பாட்டை இந்திய நெசவாலை ஒன்றில் சோதித்துப் பார்த்தவர் ரைஸ்.

அகமதாபாத் சோதனை

காலிக்கோ ஆலை சாராபாய் குடும்பத்தாரின் நிர்வாகத்தில் இருந்தது. அங்கு 1952 இல் 224 தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. மாதங்கள் பல கடந்தும் உற்பத்தித் திறன் எதிர்பார்த்த அளவு உயரவில்லை. துணியில் சேதமும் குறையவில்லை. தறிகளிலோ தொழிலாளர்களிலோ குறை தேடுவதற்கு மாறாக, வேலை பங்கிடப்பட்டிருந்த முறையை ரைஸ் ஆராய்ந்தார்.

கைத்தறி நெசவில் இச்சிக்கல் எழுவதில்லை. ஈரோடு மாவட்டத்தின் சென்னிமலை போன்ற நெசவு ஊர்களில், ஒருவர் தறியில் அமர்ந்திருக்க, வீட்டிலுள்ள மற்றவர்கள் தார் சுற்றித் தருவர். போர்வையோ விரிப்போ நெய்து முடியும் வரை பொறுப்பு ஒரே குடும்பத்தினுடையது. காலிக்கோவின் தறிக் கூடத்திலோ ஒரு பணிமுறையில் 29 பேர் பன்னிரண்டு வகை வேலைகளைத் தனித்தனியே செய்தனர். நெசவாளர் ஒருவர் 24 அல்லது 32 தறிகளைக் கவனித்தார். ஊடைத் தார் நிரப்புபவர் ஒருவருக்கு 40 அல்லது 50 தறிகள். பெருமளவில் அறுந்த இழைகளைச் சீர்செய்பவர் ஒருவருக்குச் சராசரியாக 75 தறிகள். இதனால் ஒருவரது வேலை மற்றொருவரைச் சார்ந்திருந்தும், எவரும் எவருடனும் நிலையாகச் சேர்ந்திருக்கவில்லை. ஒரு தறி நின்றுவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்பதும் தெளிவாக இல்லை.

குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழுவே முழுப் பொறுப்பு ஏற்கலாம் என்னும் யோசனையை ரைஸ் மேற்பார்வையாளர்களிடம் கூறினார். அதனைக் கேட்டறிந்த தொழிலாளர்கள், தமக்குள் ஒத்துப்போகக் கூடியவர்களைத் தேர்ந்து தாமே குழுக்களை அமைத்துக்கொள்ள முன்வந்தனர். இது ரைஸ் எதிர்பாராததாகும். 64 தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட குழு என்ற அளவு வகுக்கப்பட்டது. குழுவினர் வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். தேவைப்பட்டபோது ஒருவர் மற்றவருக்கு உதவினர்.

தொடக்கத்தில் சில இடர்ப்பாடுகள் இருந்தன. அவை சீர்செய்யப்பட்ட பின் உற்பத்தித் திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடாக உயர்ந்தது. சேதம் 32 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. தறிகள் மாற்றப்படாத நிலையில் இம்மாற்றம் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் தானியங்கி அல்லாத தறிகளிலும் இம்முறை சோதிக்கப்பட்டது.

விமர்சனமும் மறு ஆய்வும்

குழுமுறையோடு ஊதியமும் உயர்ந்ததால், பயன் எதனால் விளைந்தது என்று உறுதியாகக் கூற இயலாது எனப் பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டனர். ரைசின் உடன் ஆய்வாளரான எரிக் மில்லர் 1970 இல் ஆலைக்கு மீண்டும் சென்று ஆராய்ந்தார். சோதனை நடைபெற்ற இடங்களுள் ஒன்றில் குழுமுறை பெரும்பாலும் மாறாமல் நிலைத்திருந்தது; உற்பத்தியும் குன்றவில்லை. ஏனையவற்றில் அது பல்வேறு அளவுகளில் சிதைந்திருந்தது. ஒருமுறை அமைத்துவிட்டால் குழு தானாகவே நிலைத்துவிடாது என்பதை இம்மறு ஆய்வு உணர்த்தியது. காலிக்கோ ஆலை பின்னாளில் மூடப்பட்டது.

பிற்காலப் பணிகள்

அகமதாபாத் சோதனையை விளக்கும் ரைசின் நூல் 1958 இல் வெளிவந்தது. 1963 இல் நிறுவனமும் அதன் சூழலும் பற்றிய நூலையும், 1965 இல் தலைமைப் பண்பைக் கற்றல் பற்றிய நூலையும், 1967 இல் மில்லருடன் இணைந்து அமைப்பு முறைகள் பற்றிய நூலையும் எழுதினார். குழுவில் அதிகாரமும் தலைமையும் செயற்படும் விதத்தைப் பங்கேற்பாளர்கள் நேரடியாக அனுபவித்து அறியும் குழு உறவு மாநாடுகளை வளர்த்ததிலும் இவருக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் அத்தகைய மாநாடுகளை நடத்தும் அமைப்பு இவர் பெயரைத் தாங்கியுள்ளது. ரைஸ் 1969 இல் காலமானார்.