எழுதுகோல் பறிக்கப்பெற்ற கவிஞர்

உக்ரேனிய இலக்கியத்தின் பெருங்கவிஞராகப் போற்றப்பெறும் தாரஸ் ஷெவ்சென்கோ, 1814ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள், கீவ் மாநிலத்து மோரிந்த்ஸி என்னும் சிற்றூரில் பண்ணையடிமைக் குடும்பமொன்றில் பிறந்தார். நிலத்தோடு அதில் உழைக்கும் மக்களும் நிலக்கிழாரின் உடைமையாகவே இருந்த ரஷ்யப் பேரரசு அது. பன்னிரண்டு அகவை நிரம்பு முன்னரே தாயையும் தந்தையையும் இழந்த அவரை, எங்கல்கார்ட் என்னும் கிழார் ஏவலாளாக்கிக்கொண்டார். பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க்கில் ஓவியர் ஒருவரிடம் தொழில் பயில விட்டார்.

அங்கே அவரது திறங்கண்டு உதவ முன்வந்தோருள் ரஷ்யக் கலைஞர் சிலரும் இருந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று. புகழ்பெற்ற ஓவியர் கார்ல் பிரியுல்லோவ், கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் உருவத்தைத் தீட்டித் தந்தார். அவ்வோவியம் பரிசுச்சீட்டுக் குலுக்கலுக்கு விடப்பெற்றது. அரச குடும்பத்தினரும் அதில் பங்கேற்றனர். 2,500 ரூபிள் கிழாரிடம் செலுத்தப்பெற்று, 1838இல் ஷெவ்சென்கோ விடுதலையானார். அப்போது அவருக்கு வயது 24. உடன்பிறந்தோரோ இன்னும் இருபதாண்டுகளுக்கு மேல் அடிமைகளாகவே உழன்றனர்.

1840இல் எட்டுக் கவிதைகளுடன் ‘கோப்ஸார்’ வெளிவந்தது. யாழ் மீட்டி ஊர்தோறும் பாடித் திரியும் பாணனைக் குறிப்பது அச்சொல். உழவர் பேச்சு என்று கற்றோர் பலர் ஒதுக்கிய மொழி அந்நூலால் இலக்கிய மொழியாக உயர்ந்தது. 1844இல் எழுதிய ‘கனவு’ என்னும் நெடும்பாட்டில் பேரரசரையும் பேரரசியையும் எள்ளி நகையாடினார். கையெழுத்துப் படியாகவே உலவிய அப்பாட்டு, 1847இல் அவர் கைதானபோது அரசின் கைக்குக் கிட்டியது. குலுக்கலில் பங்குகொண்ட அரண்மனைக்கு அவர் நன்றி கொன்றவராகத் தோன்றியிருத்தல் கூடும். அடிமைப்பட்ட ஊரையே மறந்துவிடுவதாக எவருக்கும் அவர் வாக்களித்திருக்கவில்லை.

படைவீரராக ஓரன்பர்க் எல்லைக்கு அனுப்பத் தீர்ப்பாயிற்று. எழுதவும் வரையவும் கூடாதெனப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் தம் கைப்படச் சேர்த்தார். ஓர்ஸ்க் கோட்டையில் சிறு சுவடிகளில் நுண்ணெழுத்தாகக் கவிதை எழுதி, காலணிக்குள் மறைத்து வைத்தார் கவிஞர். 1848இல் ஆரல் கடலை ஆராயச் சென்ற கடற்படை அலுவலர் புட்டகோவ் அவரை ஓவியராகவே அழைத்துச் சென்றார். அந்த நற்பேறும் நிலைக்கவில்லை. 1850இல் மீண்டும் பிடிபட்டு, காஸ்பியன் கரைப் பாலையில் நோவோபெத்ரோவ்ஸ்க் கோட்டைக்கு அனுப்பப்பெற்றார்.

அதன்பின் ஏறத்தாழ ஏழாண்டுகள் கவிதை இல்லை. தடையை வென்ற கவிஞர் என்று அவரைப் புகழ்வோர் பெரும்பாலும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். தண்டனை பலித்த காலம் இது. மறைவாகக் கதைகள் எழுதினார். அவையும் பின்னர்த் தொடங்கிய நாட்குறிப்பும் ரஷ்ய மொழியிலேயே அமைந்தன. தாய்மொழிப் பாட்டு, விடுதலை நெருங்கிய 1857இல்தான் திரும்பிற்று.

எஞ்சிய ஆண்டுகள் சிலவே. ஞாயிற்றுப் பள்ளிகளுக்கென உக்ரேனிய அரிச்சுவடி ஒன்றை அச்சிட்டார். 1861 மார்ச்சு 10ஆம் நாள் பீட்டர்ஸ்பர்க்கில் மறைந்தார். பண்ணையடிமை ஒழிப்புச் சாசனத்தில் அதற்கு ஒரு வாரம் முன்னரே கையொப்பம் ஆகியிருந்தது. மக்களுக்கு அறிவிக்கப்பெற்றதோ அவர் மறைந்து ஒரு வாரத்திற்குப் பின். மே மாதத்தில் அவருடல் தினேப்பர் ஆற்றங்கரையில் கானிவ் குன்றுக்குக் கொண்டுவரப்பெற்றது. 1876இல் பேரரசு உக்ரேனிய நூல்வெளியீட்டின் மேல் புதிய தடைகளை விதித்தது. அதே ஆண்டில், எல்லைக்கு அப்பாலுள்ள பிராக் நகரில், தணிக்கைக்கு உட்படாத ‘கோப்ஸார்’ இரு தொகுதிகளாக வெளிவந்தது.