கண்ணாடியை அளந்த பெருமகன்

பௌதிகம் பயிலும் மாணவர் பிரௌன்கோபர் கோடுகளை நன்கறிவர். அப்பெயருக்குரியார் பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் பயின்றவரல்லர் என்பதை அறிந்தோர் சிலரே.

பவேரியாவின் ஸ்ட்ராவுபிங் நகரில், கண்ணாடித் தொழிலாளி ஒருவரின் பதினோராவது மகவாக 1787 இல் யோசப் பிரௌன்கோபர் பிறந்தார். பன்னிரண்டு வயது நிரம்புமுன் பெற்றோர் இருவரையும் இழந்து, மியூனிக் நகரில் நிலைக்கண்ணாடி செய்வார் ஒருவரிடம் தொழில் பயிலலானார். கற்க விழைந்த சிறுவனுக்கு எசமானர் இடங்கொடுத்திலர். 1801 இல் அவ்வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாட்டினின்று மீட்கப்பட்ட சிறுவனுக்கு நாட்டை ஆண்ட மக்சிமிலியன் யோசப் 18 பொற்காசுகள் அளித்தார். உற்சினைடர் என்னும் தொழிலதிபர் நூல்கள் தந்தார். பொன்னைப் பெற்ற சிறுவன் கண்ணாடி தேய்க்கும் பொறியொன்றை வாங்கினான். எஞ்சியதைக் கொடுத்து எசமானரிடமிருந்து விடுதலையும் பெற்றான்.

1806 இல் உற்சினைடரின் கருவித் தொழிற்சாலையிற் சேர்ந்த பிரௌன்கோபரை ஒரு வினா வருத்திற்று. கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறளவில் முறிக்கின்றது. அதனாலேயே தொலைகாட்டியிற் காணும் உருவின் விளிம்பில் நிறக்கறை படிகின்றது. அதனை நீக்க முறிவின் அளவு வேண்டும். ஆனால் சிவப்பு எங்கே முடிகின்றது, செம்மஞ்சள் எங்கே தொடங்குகின்றது? எல்லையில்லாத ஒன்றை எவ்வாறு அளப்பது?

1814 இல் ஞாயிற்றின் ஒளியை ஒடுங்கிய பிளவின் வழியாகவும் அரியத்தின் வழியாகவும் செலுத்தித் தொலைகாட்டியால் நோக்கினார். நிறமாலையிற் கருங்கோடுகள் எண்ணிறந்தன தோன்றின. இங்கிலாந்தில் வொலாஸ்டன் 1802 இலேயே சிலவற்றைக் கண்டிருந்தார், கண்டதோடு அமைந்தார். பிரௌன்கோபரோ, என்றும் இடம்பெயராத அக்கோடுகளை வயலின் எல்லைக்கற்களாகக் கொண்டார். ஐந்நூற்றுக்கு மேற்பட்டவற்றை எண்ணி, முதன்மையானவற்றுக்கு எழுத்துக்களால் பெயரிட்டார். அவற்றைக் குறியாக வைத்துப் பலவகைக் கண்ணாடி, நீர், கர்ப்பூரத்தைலம் ஆகியவற்றின் முறிவுக் குணகங்களை ஆறு தசமதானம் வரை கணித்தார். கோடுகள் தோன்றும் காரணம் 1859 இல் கேர்க்கோவ் ஆராயும்வரை விளங்கவில்லை. பிரௌன்கோபர் தேடியது நல்ல கண்ணாடியையே!

மியூனிக் கல்விக்கழகத்தார் சிலர், கைத்தொழிலாளர் என்று கூறி அவரை முழு உறுப்பினராக்க மறுத்தனர். கண்ணாடி உருக்கும் முறையை அவர் வெளியிடாது காத்ததும் உண்மையே. ஆயினும் ஆறு தசமதானம் காட்டிய கைக்குப் பட்டம் எதற்கு?

1824 இல் அவர் அமைத்த பெருந்தொலைகாட்டி டோர்பாட் வானாய்வுநிலையத்தை அடைந்தது. ஈராண்டில், 39 ஆம் வயதில், காசநோயால் மறைந்தார். அவரது பட்டறையில் தொடங்கி, அவருக்குப் பின் நிறைவுற்ற கருவியொன்றைக் கொண்டே பெசல் 1838 இல் விண்மீன் ஒன்றின் தொலைவை அளந்தறிந்தார்.