நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

அரக்கோணம் பகுதியினருக்கு வேலூர் என்றாலே மருத்துவமனைதான். அதை நிறுவிய ஐடா ஸ்கடர், 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மருத்துவக் குடும்பத்தவராயினும் அப்பணியில் அவருக்கு நாட்டமில்லை. திண்டிவனத்தில் ஓரிரவு, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியருக்காக மூன்று ஆடவர் தனித்தனியே வந்து உதவி கேட்டனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை ஏற்க மறுத்தனர். மூன்று பெண்களும் இறந்தனர்.

அத்துயரை ஐடா இறைவனின் அழைப்பாக ஏற்றார். அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வேலூரில் 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தார்; 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1960இல் மறைந்தார்.

வழிநடத்துதலை நம்புதல் என்பது கைகட்டிக் காத்திருத்தல் அன்று. கதவைத் தட்டும் பிறர் துயருக்கு உதவத் தன்னைத் தகுதிப்படுத்திக்கொள்ளுதலே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.