ஒரே பாட்டு... மூணு தடவை! நியூ ஆர்லியன்ஸைத் தாளம் போட வைத்த 'புரொஃபசர்' கதை

உங்க மொபைல்ல ஒரு பழைய பாட்டைத் தேடுறீங்க. அதே பாடகர், அதே பாட்டு. ஆனா மூணு, நாலு வெர்ஷன் வந்து நிக்குது. எது ஒரிஜினல்னு குழம்பிப்போய், முதல்ல இருக்கிறதைத் தட்டிட்டுப் போயிடுவீங்க இல்லையா? அடுத்த முறை கொஞ்சம் நின்னு பாருங்க. அந்த வெர்ஷன்களுக்கு நடுவுல ஒரு மனுஷரோட வாழ்க்கையே ஒளிஞ்சிருக்கலாம்.

'புரொஃபசர் லாங்ஹேர்' அப்படிப்பட்டவர்தான். பெயரைப் பார்த்து, காலேஜ்ல பாடம் எடுத்தவர்னு நினைச்சிடாதீங்க. உண்மையான பெயர் ஹென்றி ரோலண்ட் பேர்ட். அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில், போகலூசா என்ற ஊரில் 1918 டிசம்பர் 19-ம் தேதி பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குக் குடிவந்துவிட்டது.

அங்கே தெருவில் டேப் டான்ஸ் ஆடி, பார்க்கிறவங்க தர்ற சில்லறையில்தான் அவருடைய கலை வாழ்க்கை தொடங்கியது. பியானோ கற்றுக்கொண்டதும் கட்டைகள் சில உடைந்துபோன ஒரு பழைய பியானோவில்தான். வேலை செய்யாத கட்டைகளைத் தாண்டித் தாண்டி வாசித்தே அவருடைய விரல்களுக்குத் தனி நடை வந்துவிட்டது. இடது கையில் கியூபாவின் ரும்பா தாளம், வலது கையில் ப்ளூஸ். போதாததுக்கு, பியானோவின் அடிப்பலகையைக் காலால் உதைத்துத் தாளம் வேறு போடுவார். டிரம்ஸ்காரர் இல்லைன்னாலும் கச்சேரி களைகட்டும்!

கால்டோனியா இன் என்ற விடுதியில் வாசித்தபோது, நீளமாக முடி வளர்த்திருந்த அவருக்கு விடுதி உரிமையாளர் வைத்த பட்டப்பெயர்தான் 'லாங்ஹேர்'. நியூ ஆர்லியன்ஸில் நல்ல பியானோ கலைஞர்களைப் 'புரொஃபசர்' என்று அழைப்பது பழைய வழக்கம். இரண்டும் சேர்ந்துகொண்டன.

இப்போ அந்த 'மூணு வெர்ஷன்' விஷயத்துக்கு வருவோம். 1949-ல் ஸ்டார் டேலன்ட் என்ற சின்ன கம்பெனிக்காகச் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். தலையில் முடியே இல்லாத காதலியைப் பற்றிய ஒரு கிண்டல் பாட்டும் அதில் இருந்தது. நீளமுடிக்காரர் மொட்டைத்தலையைப் பாடுறார்! ஆனா, இசைக்கலைஞர்கள் சங்கத்துடனான சிக்கலில் அந்த ரெக்கார்டுகள் சரியாக வெளியே போகவில்லை. பிறகு மெர்க்குரி கம்பெனிக்காக அதே பாட்டை 'பால்ட் ஹெட்' என்ற பெயரில் திரும்பப் பாடினார். ரெக்கார்டில் அவர் பெயர் 'ராய் பேர்ட்' என்று இருந்தது. 1950-ல் அமெரிக்காவின் ஆர் அண்ட் பி பட்டியலில் அது 5-ம் இடம் வரை போனது. தேசிய அளவில் அவருக்குக் கிடைத்த ஒரே ஹிட் அதுதான்.

மார்டி கிரா திருவிழாப் பாட்டும் இப்படித்தான். 1949-ல் ஸ்டார் டேலன்டுக்காக ஒருமுறை, பிறகு அட்லான்டிக் கம்பெனிக்காக ஒருமுறை, 1959-ல் ரான் ரெக்கார்ட்ஸுக்காக இன்னொருமுறை. விசில் ஒலிக்கும் அந்த 1959 பதிவுதான் நிலைத்தது. இன்றுவரை நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா வந்தாலே அந்தப் பாட்டு ஒலிக்கும்.

ஒவ்வொரு கம்பெனியும் தான் பதிவு செய்த ரெக்கார்டுக்குத்தான் சொந்தக்காரன். புதுக் கம்பெனிக்குப் போகும் பாடகர், அதே ஹிட்டை விற்கணும்னா திரும்பப் பாடித்தான் ஆகணும். அந்தக் காலத்துப் பாடகர்கள் பலரின் கதை இது.

பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. பாடியவர்? 1960-களில் மெல்ல மெல்ல மறக்கப்பட்டார். 1964-ல் 'பிக் சீஃப்' பாட்டில் அவர் பியானோ வாசித்தும் நிலைமை மாறவில்லை. சீட்டாட்டத்தில் கொஞ்சம் காசு பார்த்தார். ஒரு ரெக்கார்டு கடையில் தரை பெருக்கினார். யோசிச்சுப் பாருங்க... ஊர்த் திருவிழாவே உங்க பாட்டோடதான் நடக்குது. நீங்க, மற்றவங்க ரெக்கார்டு விற்கிற கடையில துடைப்பத்தோட நிக்கிறீங்க!

நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவை நடத்திய இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, 1971-ல் மேடையேற்றினார்கள். அங்கிருந்து இரண்டாவது வாழ்க்கை ஆரம்பம். 1973-ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ விழா. 1974-ல் வீடு தீப்பிடித்து எரிந்தது. ஆனாலும் அதே ஆண்டில் 'ராக் அண்ட் ரோல் கம்போ' ஆல்பத்தைப் பதிவு செய்தார். 1975-ல் 'குவீன் மேரி' கப்பலில் பால் மெக்கார்ட்னி கொடுத்த விருந்தில் இவருடைய கச்சேரி! 1977-ல் ரசிகர்கள் சேர்ந்து, அவர் வாசிப்பதற்கென்றே ஓர் இசைக் கூடம் திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர், 1953-ல் அவர் பாடிய 'டிபிடினா' பாட்டின் பெயர்.

1979-ல் 'க்ராஃபிஷ் ஃபியஸ்டா' ஆல்பத்துக்காக மறுபடியும் 'பால்ட் ஹெட்' பாடினார். கிட்டார் வாசித்தவர் டாக்டர் ஜான். சின்னப் பையனாக இருந்தபோதே இவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். ஆல்பம் கடைக்கு வரும் நேரத்தில், 1980 ஜனவரி 30-ம் தேதி, தூக்கத்திலேயே புரொஃபசரின் உயிர் பிரிந்தது. வயது 61.

1970-களின் தொடக்கத்தில் பதிவாகி, வெளிவராமல் கிடந்த பாட்டுகள் பின்னர் ஆல்பமாக வந்து கிராமி விருது வாங்கின. 1992-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் வந்தது. எதையும் பார்க்க அவர் இல்லை.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'பால்ட் ஹெட்' மெர்க்குரி பதிவையும் 1979 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்க. முதல்ல கேட்கிறது, பிழைக்க வழி தேடும் 30 வயதுக்காரரின் வேகம். ரெண்டாவது, துடைப்பத்தைக் கீழே வெச்சுட்டு பியானோவுக்குத் திரும்பியவரின் சந்தோஷம். பாட்டு ஒண்ணுதான்!