சேற்றின் சிக்கலைத் தீர்த்த அறிஞர்

சாந்தி சுவரூப் பட்நாகர் 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் பஞ்சாபின் பேரா என்னும் ஊரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்த அவர், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். 1921இல் இலண்டனில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், காசியிலும் லாகூரிலும் பேராசிரியராகப் பணியாற்றினார்.

நீரில் கரையாமல் மிதக்கும் நுண்துகள்களை ஆராயும் கூழ்ம வேதியியலே அவரது துறை. அக்காலத்தில் பஞ்சாபில் எண்ணெய்க் கிணறு தோண்டிய நிறுவனம் ஒன்று அவரை நாடியது. துளையில் செலுத்திய சேறு, நிலத்தடி உப்புநீர் பட்டதும் இறுகியதால் பணி தடைபட்டது. உப்பு, களிமண் துகள்களைத் திரளச் செய்வதைப் பட்நாகர் அறிந்தார். சேற்றில் ஒருவகைப் பிசினைக் கலக்கச் செய்தார். பிசின் துகள்களின் மேற்பரப்பில் படிந்து, அவை திரளாமல் காத்தது. மகிழ்ந்த நிறுவனம் ஆய்வுக்காக ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்கியது. அவர் அதில் தமக்கென எதையும் பெறாமல், பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணிக்கே பயன்படச் செய்தார்.

1942 முதல் இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தை வழிநடத்திய அவர், நாடெங்கும் ஆய்வகங்கள் அமைய வழிவகுத்தார். காரைக்குடியின் மின்வேதியியல் ஆய்வகமும் அவற்றுள் ஒன்று. 1955ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார்.

துகளின் மேற்பரப்பைப் பற்றிய அறிவு இன்று குடிநீரைக் காக்க உதவுகிறது. ஆர்செனிக், ஈயம் போன்ற நச்சுகள் இரும்பு ஆக்சைடு நானோ துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால், நீரின் அமிலத்தன்மையோ உப்பின் அளவோ மாறினால், அவை விடுபட்டு மீண்டும் நீரில் கலக்கக்கூடும். ஆகவே, நச்சைப் பிடிப்பதோடு அதை நழுவவிடாமல் வைத்திருப்பதும் இன்றியமையாததாகும்.